தீ எச்சரிக்கை வயரிங்கிலிருந்து வைஃபை கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டிடங்களில் வைஃபை அமைப்பவர்களும், பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களும், சில சமயம் கட்டிட உரிமையாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மின்சாரம் பற்றிய அடிப்படை அறிவு உள்ளவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை இவை. தீ எச்சரிக்கை அமைப்பில் கைவைப்பதற்கான செய்முறைக் குறிப்பாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.

தீ எச்சரிக்கை வயரிங்கைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஏன் எழுகிறது?

ஏனெனில் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. தாழ்வாரம், படிக்கட்டு, கூட்ட அறை, கிடங்கு என்று வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) வைக்க நாம் விரும்பும் இடங்களில் எல்லாம் ஏற்கெனவே ஒரு புகை உணர்வியோ, ஹூட்டரோ (எச்சரிக்கை ஒலிப்பான்), ஒளிரும் எச்சரிக்கை விளக்கோ பொருத்தப்பட்டிருக்கிறது. சமதளக் கூரைகளில் புகை உணர்விகளை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் வைக்குமாறு அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72 சொல்கிறது. வைஃபை அலை தடையின்றிப் பரவுவதற்கும் கூரையே ஏற்ற இடம். இரண்டு வேலைகளுக்கும் ஒரே இடம் பொருந்தி வருவதைப் பார்க்கிற எவருக்கும், பக்கத்திலேயே ஓடும் இரண்டு கம்பிகளிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் பேட்டரியும் இருப்பதால், மின்வெட்டின்போதும் வைஃபை இயங்கும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. கான்கிரீட் கூரையைத் துளைக்க முடியாத பழைய கட்டிடங்களிலும், கல்நார் கலந்த கூரைத் தகடுகளைத் தொடக்கூடாத இடங்களிலும் இந்த ஆசை இன்னும் வலுக்கிறது.

நேரடியான பதில் என்ன? செய்யலாமா, கூடாதா?

இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தீ எச்சரிக்கை அமைப்பின் கம்பிகளிலிருந்து வைஃபை கருவிக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. அந்த அமைப்பைத் தயாரித்தவரே அதற்கென வடிவமைத்து, சோதனைக்கூடத்தின் சான்று பெற்று, உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரியின் ஒப்புதலோடு நிறுவப்படுவது ஒன்றே விதிவிலக்கு. அப்படியொரு கருவி உங்கள் பேனலின் (தீ எச்சரிக்கை அமைப்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) பொருத்தப் பட்டியலில், அதாவது அதனோடு இணைக்கலாம் என்று தயாரிப்பாளர் தரும் பட்டியலில், இல்லையென்றால், கீழே விளக்கப்படும் காரணங்களால் இந்த முயற்சி பெரும்பாலும் வேலையே செய்யாது. வேலை செய்வதுபோல் தோன்றினால்தான் அது கூடுதல் ஆபத்து.

தீ எச்சரிக்கை வயரிங் முழுவதும் ஒரே மாதிரியானதுதானே?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு உறையிட்ட கேபிளாகத் தெரியலாம். ஆனால் பேனலிலிருந்து புறப்படும் சுற்றுகள் நான்கு விதமானவை, ஒவ்வொன்றும் தன் கம்பிகளை வேறு வேறு முறையில் நடத்துகிறது.

முதலாவது, உணர்விச் சுற்று. பழைய முறைப் பேனல்களில் புகை உணர்விகளும் கைப்பொத்தான்களும் ஒரே இணைக் கம்பியில் வரிசையாகத் தொங்கும். கடைசியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டாவது, முகவரி லூப். இங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. பேனல் அதே இரண்டு கம்பிகளில் மின்சாரத்தையும் அனுப்பி, அதன்மேல் துடிப்புகளாகத் தரவையும் ஏற்றி, ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி அழைப்பதுபோல் விசாரித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, ஹூட்டர்களுக்கும் ஒளிவிளக்குகளுக்கும் செல்லும் அறிவிப்புச் சுற்று. நான்காவது, துணை மின்வெளியீடு. கதவைத் திறந்து பிடித்திருக்கும் காந்தங்கள், ரிலேக்கள், நான்கு கம்பி உணர்விகள் போன்றவற்றுக்குத் தொடர்ந்து 24 வோல்ட் தருவது இது.

இந்த நான்கில் தொடர்ச்சியான மின்சாரம் தருவதற்கென்றே இருப்பது கடைசி ஒன்றுதான். மற்ற மூன்றிலும் கம்பி என்பது மின்சாரம் போகும் பாதை மட்டுமன்று. பேனல் கட்டிடத்தின் நிலையை அறிந்துகொள்ளும் வழியும் அதுவே. ஒரு கம்பி அறுந்தாலும், இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினாலும், அதில் ஓடும் சிறு மின்னோட்டம் மாறுவதைக் கொண்டே பேனல் கண்டுபிடிக்கிறது. அந்த மின்னோட்டத்தில் நாம் கைவைத்தால் அமைப்பின் கண்ணை மறைத்தவர்கள் ஆகிறோம்.

ஹூட்டருக்குச் செல்லும் கம்பியில் 24 வோல்ட் எப்போதும் இருக்கும் அல்லவா?

பலர் இப்படி நம்புகிறார்கள், மீட்டரை வைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு அளவு காட்டுவதும் உண்மை. ஆனால் சாதாரண நேரத்தில் அந்தச் சுற்றில் இருப்பது கண்காணிப்புக்கான மின்னழுத்தம் மட்டுமே, அதுவும் திசை மாறி இருக்கும். ஹூட்டருக்குள் இருக்கும் டையோடு எதிர்த்திசையில் வரும் மின்சாரத்தை ஏற்காது. எனவே அந்தச் சிறு மின்னோட்டம் ஹூட்டர்களைத் தொடாமல் கடந்து, கடைசியில் உள்ள ரெசிஸ்டர் வழியாகப் பேனலுக்குத் திரும்புகிறது. உதாரணமாக 4,700 ஓம் ரெசிஸ்டர் என்றால், 24 வோல்ட்டில் ஓடுவது 5 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். தீ அறிவிக்கப்படும் கணத்தில்தான் பேனல் மின்முனைகளைத் திருப்பி, உண்மையான 24 வோல்ட்டை ஆம்பியர் கணக்கில் தருகிறது.

ஆக, வைஃபை தேவைப்படும் எல்லா நேரத்திலும் அந்தக் கம்பியில் பயன்படும் அளவுக்கு மின்சாரம் கிடையாது. தீப்பிடித்த நேரத்தில் மட்டும் உண்டு. யாராவது சாமர்த்தியமாக டையோடு பாலம் வைத்து இரு திசையிலும் மின்சாரம் எடுக்க முயன்றால், அந்தக் கருவி கண்காணிப்பு மின்னோட்டத்தையே விழுங்கிவிடும். பேனல் அதைக் கம்பிகள் ஒட்டிக்கொண்ட பழுதாகப் பார்த்து, மஞ்சள் விளக்கை எரியவிடும். பழுது என்று பதிவான அறிவிப்புச் சுற்று, உண்மையான தீயின்போது ஒலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உணர்விச் சுற்றிலோ முகவரி லூப்பிலோ இணைத்தால் என்ன ஆகும்?

பழைய முறை இரு கம்பிச் சுற்றில், மின்னோட்டம் உயர்வதுதான் தீ என்பதற்கான அடையாளம். உணர்விகள் அமைதியாக இருக்கும்போது சுற்றில் சில மில்லி ஆம்பியர் ஓடும். ஓர் உணர்வி புகையைக் கண்டதும் அது பல மடங்காகும். அரை ஆம்பியர் கேட்கும் ஆக்சஸ் பாயிண்ட்டை அங்கே இணைத்தால், இணைத்த நொடியே கட்டிடம் முழுவதும் எச்சரிக்கை ஒலிக்கும், அல்லது பேனல் தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சுற்றைக் கட்டுப்படுத்திவிடும்.

முகவரி லூப்பில் சிக்கல் வேறு விதம். லூப் முழுவதற்கும் பேனல் தரக்கூடிய மின்னோட்டமே சில நூறு மில்லி ஆம்பியர்தான். அதை நூற்றுக்கணக்கான கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கன்வர்ட்டர் ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். லூப்பில் ஓடும் தரவுத் துடிப்புகளை அது மழுங்கடித்துவிடும். கூடவே கன்வர்ட்டரின் இரைச்சலும் சேரும். முதலில் பேனலுக்குச் சில உணர்விகள் பதில் சொல்லாமல் போகும், அப்புறம் திரும்பி வரும், மீண்டும் போகும். இன்னொன்று: கெப்பாசிட்டர் மின்னேற்றம் பெறும் முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைக் கண்டு, லூப்பில் உள்ள தனிமைப்படுத்திகள் அதைக் குறுக்குச் சுற்றாக எண்ணி, தங்கள் பகுதியை வெட்டிவிடலாம். எந்தத் தளம் பாதுகாப்பின்றி நிற்கிறது என்பதைப் பேனலின் பதிவைப் படித்தால்தான் தெரியும்.

ஓர் ஆக்சஸ் பாயிண்ட் அவ்வளவு மின்சாரமா எடுக்கிறது?

வீட்டு உபயோகக் கணக்கில் அது அற்பம். தீ எச்சரிக்கைக் கணக்கில் மிகப் பெரிது. முகவரியுள்ள புகை உணர்வி ஒன்று காத்திருப்பு நிலையில் எடுப்பது சுமார் 0.3 மில்லி ஆம்பியர். 12 வாட் ஆக்சஸ் பாயிண்ட், 24 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் கேட்கிறது. வகுத்துப் பார்த்தால், ஒரே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் 1,600க்கும் மேற்பட்ட புகை உணர்விகளுக்குச் சமம். இணையக் கேபிள் வழியாக மின்சாரம் தரும் பிஓஇ முறையின் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தப் பசி வளர்ந்துகொண்டே வந்திருப்பது தெரியும்: 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு துறைமுனையில் 15.4 வாட் தந்தது, 2009இல் 802.3ஏடி அதை 30 வாட் ஆக்கியது, 2018இல் 802.3பிடி 90 வாட் வரை உயர்த்தியது. மாறாக, உணர்விகளை வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு மைக்ரோ ஆம்பியரையும் மிச்சப்படுத்தப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள்.

பேட்டரி இருக்கிறதே, அது தாங்காதா?

இந்தக் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். என்எஃப்பிஏ 72 விதிப்படி, மின்சாரம் நின்றுபோனாலும் அமைப்பு 24 மணி நேரம் காத்திருந்து, அதன் முடிவிலும் 5 நிமிடம் முழு எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். குரல் வழியாக மக்களை வெளியேற்றும் அமைப்பாக இருந்தால் 15 நிமிடம்.

ஒரு சிறிய கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். பேனலும் உணர்விகளும் சேர்ந்து காத்திருப்பில் 0.15 ஆம்பியர் எடுக்கின்றன; 24 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி. எச்சரிக்கை ஒலிக்கும்போது 2 ஆம்பியர், 5 நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.17 ஆம்பியர்-மணி. இரண்டும் சேர்ந்து 3.77, பேட்டரி பழையதாகும் என்பதற்காக 20 சதவீதம் கூட்டினால் 4.5. எனவே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து வடிவமைப்பாளர் நிம்மதியாகக் கையெழுத்திடுகிறார்.

இப்போது அந்தப் பேனலிலிருந்து ஒரே ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு அரை ஆம்பியர் தருவோம். 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி கூடுகிறது. மொத்தம் 15.77, 20 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 19. கட்டிடம் முழுவதையும் காக்கும் அமைப்புக்குத் தேவைப்பட்டதைப்போல் நான்கு மடங்கு பேட்டரி, ஒரு வைஃபை பெட்டிக்காக. பெரிய பேட்டரி வாங்கி வைத்தால் தீருமா என்றால், பேனலின் பெட்டிக்குள் இடம் வேண்டும், அதன் சார்ஜருக்கும் அவ்வளவு பெரிய பேட்டரியை ஏற்றும் திறன் வேண்டும். அந்த உச்ச அளவைத் தயாரிப்பாளர் எழுதியே வைத்திருப்பார். பேட்டரியை மாற்றாமல் விட்டால், மாலையில் நின்ற மின்சாரம் விடியும்வரை வராதபோது, எல்லோரும் தூங்கும் நேரத்தில் எச்சரிக்கை அமைப்பு இறந்து கிடக்கும்.

மின்னழுத்த வீழ்ச்சி பற்றிக் கவலைப்பட வேண்டுமா? வயர் தடிமனாகத்தானே இருக்கிறது?

கட்டாயம் கவலைப்பட வேண்டும். அறிவிப்புச் சுற்றைக் கணக்கிடும்போது, பேட்டரி தளர்ந்துபோன நிலையான 20.4 வோல்ட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். கடைசி ஹூட்டருக்குக் குறைந்தது 16 வோல்ட் போய்ச்சேர வேண்டும். இடையில் இழக்க அனுமதிக்கப்படுவது 4.4 வோல்ட் மட்டுமே.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 100 மீட்டர் தொலைவு என்றால் போகவும் வரவும் 200 மீட்டர், 2.42 ஓம். சுற்றின் கடைசியில் 1.2 ஆம்பியர் எடுக்கும் ஹூட்டர்கள் இருந்தால் 2.9 வோல்ட் வீழ்ந்து 17.5 வோல்ட் மிஞ்சும், ஒலிக்கும். அங்கேயே 12 வாட் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றும் தொங்கினால், அதன் கன்வர்ட்டர் மின்னழுத்தம் குறையக் குறைய அதே 12 வாட்டைப் பெறுவதற்காக மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அரை ஆம்பியர் என்று நினைத்தது 0.77 ஆம்பியர் ஆகிவிடும். கடைசி ஹூட்டருக்குக் கிடைப்பது 15.6 வோல்ட். கன்வர்ட்டரின் இழப்பை இங்கே நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் குறையும்.

இதில் என்னைக் கவலைகொள்ள வைப்பது, முழுப் பேட்டரியோடும் மின்சாரத்தோடும் சோதிக்கும் நாளில் எல்லாம் சரியாக ஒலிக்கும் என்பதுதான். தவறு தெரிவது பேட்டரி தளர்ந்த அந்த ஒரு நாளில்.

எர்த் ஃபால்ட் என்ற பழுது இதனால் ஏன் வருகிறது?

தீ எச்சரிக்கைப் பேனலின் 24 வோல்ட் இரு முனைகளும் தரையோடு, அதாவது எர்த்தோடு, தொடர்பின்றி இருக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. எந்த முனையாவது எங்காவது எர்த்தைத் தொட்டால் பேனல் உடனே பழுது காட்டும். கம்பியின் உறை தேய்ந்து குழாயைத் தொடுவதை இப்படித்தான் அது முன்கூட்டியே சொல்கிறது. ஆக்சஸ் பாயிண்ட்டோ, உறைக் கவசமுள்ள நெட்வொர்க் கேபிள் வழியாகவோ, உலோகக் கூடு வழியாகவோ, சுவிட்ச் இருக்கும் அலமாரியின் எர்த்தோடு சேர்ந்துவிட வாய்ப்புண்டு. மலிவான கன்வர்ட்டர்களில் நுழைவும் வெளியீடும் ஒரே எதிர்முனையைப் பகிர்ந்துகொள்வதால், 24 வோல்ட்டின் எதிர்முனை அப்படியே எர்த்துக்குப் போய்விடும். ஒரு முனை எர்த்தானால் பேனல் புலம்பும், ஆனால் இயங்கும். அந்த நிலையில் இன்னொரு முனையும் வேறெங்கோ எர்த்தைத் தொட்டால் சுற்றே விழுந்துவிடும். எர்த் ஃபால்ட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் மிகவும் பொறுமை கேட்கும் வேலை. கூரைக்கு மேல் யாரோ இணைத்துவிட்டுப் போன கருவிதான் காரணம் என்று தெரியவர நாட்கள் ஆகலாம்.

விதிகள் என்ன சொல்கின்றன?

நாட்டுக்கு நாடு விதித்தொகுப்பு மாறும். அடிப்படைக் கருத்து ஒன்றே. அமெரிக்க மின்விதித் தொகுப்பான என்எஃப்பிஏ 70, தன் 760ஆம் பிரிவில் தீ எச்சரிக்கைச் சுற்றுகளைத் தனியாக நடத்துகிறது. பேனலுக்கு மின்சாரம் தரும் கிளைச்சுற்று வேறு எந்தச் சுமைக்கும் மின்சாரம் தரக் கூடாது என்கிறது. என்எஃப்பிஏ 72, தீ சாராத கருவிகள் தீ எச்சரிக்கை அமைப்போடு வயரிங்கைப் பகிர்வதை முழுவதும் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவியில் ஏற்படும் குறுக்குச் சுற்றோ, அறுபடலோ, எர்த் ஃபால்ட்டோ, அதைக் கழற்றுவதோ மாற்றுவதோ, தீ எச்சரிக்கைப் பணியைப் பாதிக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கிறது. அமெரிக்காவில் பேனல்களுக்கு யூஎல் 864 என்ற தரமும், ஐரோப்பாவில் மின்வழங்கிகளுக்கு ஈஎன் 54இன் 4ஆம் பாகமும் உள்ளன. சான்று பெற்ற அமைப்பில் சான்றில்லாத ஒரு கருவியைச் சேர்த்தால், முதலில் கொடுக்கப்பட்ட சான்றின் அடிப்படையே போய்விடுகிறது. கடையில் வாங்கிய சாதாரண ஆக்சஸ் பாயிண்ட் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

துணை மின்வெளியீட்டிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லைகள் இல்லையே?

சில தொல்லைகள் இல்லை என்பது உண்மை. அங்கே தொடர்ந்து 24 வோல்ட் உண்டு, மின்முனை திரும்புவதில்லை, தரவுத் துடிப்பும் இல்லை. சில பேனல்களில் அறிவிப்புச் சுற்றையே துணை வெளியீடாக மாற்றி அமைக்கவும் முடியும். ஆனால் பேட்டரிக் கணக்கு அப்படியே நிற்கிறது, எர்த் ஃபால்ட்டும் நிற்கிறது, தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலும் நிற்கிறது. பேனலை மீட்டமைக்கும்போது சில வெளியீடுகள் சில நொடிகள் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தரும். ஒவ்வொரு முறையும் ஆக்சஸ் பாயிண்ட் முதலிலிருந்து துவங்கும். இதையெல்லாம் கடந்து கிடைப்பது ஒன்றிரண்டு கருவிகளுக்கான மின்சாரம்தான் என்பதால், இந்தப் பாதையில் செல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இதற்கென்றே வடிவமைத்த கருவியை ஒருவர் விற்க வந்தால் என்னென்ன கேட்க வேண்டும்?

கருத்தளவில் இது முடியாத காரியமன்று. அறிவிப்புச் சுற்றில் தொடர்ந்து மின்சாரம் தந்து, ஒவ்வொரு ஹூட்டரையும் முகவரி சொல்லி இயக்கும் அமைப்புகள் உள்ளன. அவற்றின்மேல் கூடுதல் சுமையை ஏற்ற ஒரு வடிவமைப்பாளரால் வழி காண முடியும். முதலில் கேட்க வேண்டியது, உங்களிடம் இருக்கும் அதே பேனல் மாதிரியோடு சேர்த்து அந்தக் கருவி சான்று பெற்றிருக்கிறதா என்பது. தனியாகப் பெற்ற சான்று போதாது. அடுத்து, தீ அறிவிக்கப்பட்டதும், பிரதான மின்சாரம் நின்றதும் அது தானாகவே தன் சுமையைத் துண்டித்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். அது பழுதானால் சுற்றின் மீதிப் பகுதி தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறதா, கடைசி ரெசிஸ்டர் அதற்கு அப்பால் இன்னும் பேனலின் பார்வையில் இருக்கிறதா என்பதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். திருத்திய பேட்டரிக் கணக்கையும் மின்னழுத்த வீழ்ச்சிக் கணக்கையும் எழுத்தில் தராதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அதே குழாயில் நெட்வொர்க் கேபிளை இழுக்கலாமா?

இது வேறு கேள்வி, பதிலும் அவ்வளவு கடுமையானதன்று. குறைந்த ஆற்றல் கொண்ட தீ எச்சரிக்கைச் சுற்றுகளோடு குறைந்த ஆற்றல் தரவுக் கேபிள்கள் பாதையைப் பகிர்வதை அமெரிக்க விதி சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. பிரிட்டனின் பிஎஸ் 5839 தரம், தீ எச்சரிக்கைக் கேபிள்களைப் பிரித்தே வைக்கச் சொல்கிறது. விதி இடம் கொடுத்தாலும், ஏற்கெனவே கம்பிகள் நிறைந்த குழாயில் இன்னொன்றை இழுக்கும்போது பழைய உறை உரிந்துபோகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இழுத்து முடித்ததும் தீ எச்சரிக்கைச் சுற்றை முழுமையாகச் சோதித்தாக வேண்டும்.

மின்சாரம் மட்டுமல்லாமல் தரவையும் அந்த இரண்டு கம்பிகளில் அனுப்ப முடியுமா?

இயங்கும் சுற்றில் முடியாது; காரணங்களை மேலே பார்த்தோம். பொதுவான ஈதர்நெட்டுக்கு 100 ஓம் இயல்பு மறிப்புள்ள முறுக்கிய இணைகள் வேண்டும், வேகத்தைப் பொறுத்து இரண்டோ நான்கோ. தீ எச்சரிக்கைக் கேபிளில் ஓர் இணைதான், அதுவும் சில வகைகளில் முறுக்கப்படாதது. 2019இல் வந்த 802.3சிஜி தரத்தின் ஒரு பகுதியான 10பேஸ்-டி1எல், ஒரே முறுக்கிய இணையில் 1,000 மீட்டர் வரை நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பும். கட்டிடத் தானியக்க உணர்விகளுக்கு அது தாராளம். இன்றைய வைஃபைக்குப் போதாது.

பழைய தீ எச்சரிக்கை அமைப்பை அகற்றிவிட்டார்கள், கம்பிகள் மட்டும் கூரைக்குள் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா?

இங்கே கதவு கொஞ்சம் திறக்கிறது. இரு முனைகளும் எந்தப் பேனலோடும் தொடர்பில் இல்லை என்று சோதித்து உறுதி செய்த பிறகு, அது வெறும் செம்புக் கம்பி. நல்ல கம்பியும்கூட. தனியான, ஆற்றல் வரம்புள்ள 48 வோல்ட் மின்வழங்கியிலிருந்து அதன் வழியே 12 வாட் அனுப்பினால் கால் ஆம்பியர்தான் ஓடும்; 100 மீட்டருக்கு வீழ்ச்சி 0.6 வோல்ட் மட்டுமே. தரவு வேறு வழியில், அதாவது மெஷ் (ஆக்சஸ் பாயிண்ட்கள் தமக்குள் கம்பியின்றித் தரவைக் கடத்தும் முறை) வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வர வேண்டும்.

உண்மையான ஆபத்து நிறத்தில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து வரும் தொழில்நுட்பர் சிவப்புக் கேபிளைப் பார்த்துத் தீ எச்சரிக்கை என்றே எண்ணுவார். புதிய உணர்வியை அதில் இணைக்கலாம், அல்லது அதைத் தொடக்கூடாது என்று விட்டுவிடலாம். இரு முனைகளிலும், இடையில் திறக்கக்கூடிய ஒவ்வொரு பெட்டியிலும், அதன் புதிய வேலையை அழியாத எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கட்டிட வரைபடத்திலும் மாற்றுங்கள். கைவிடப்பட்ட கேபிள்களை அகற்றச் சொல்லும் விதிகள் சில இடங்களில் உள்ளன என்பதால் அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர் புதிய கேபிள் இழுப்பதே மேல்.

சுவரை உடைக்காமல் வேறு என்ன செய்யலாம்?

பிஓஇ கேபிள் ஒன்றை இழுப்பதுதான் எப்போதும் முதல் வழி. 100 மீட்டர் எல்லையைத் தாண்டினால் இடையில் நீட்டிப்பான் வைக்கலாம், அல்லது கண்ணாடி இழையோடு செம்புக் கம்பியும் சேர்ந்த கலப்புக் கேபிளைப் பயன்படுத்தலாம். கட்டிடத்தில் பழைய தொலைக்காட்சிக் கோஆக்சியல் கேபிள் இருந்தால் மோக்கா முறையிலும், தொலைபேசிக் கம்பி இருந்தால் ஜி.எச்என் முறையிலும் நல்ல வேகத்தில் தரவு செல்லும். அறைகளில் மின்செருகி இருந்தால் சுவரில் பொருத்தும் ஆக்சஸ் பாயிண்ட்களை மெஷ்ஷாக இணைப்பது எளிது. வெப்பநிலை, கதவு திறப்பு போன்ற சிறு தகவல்கள்தான் வேண்டுமென்றால் லோராவான், ஜிக்பீ போன்ற கம்பியில்லா முறைகளில் பேசும் பேட்டரி உணர்விகளுக்குக் கம்பியே வேண்டாம்.

மின்வெட்டின்போதும் வைஃபை வேண்டும். அதற்கு என்ன வழி?

நெட்வொர்க் அலமாரியில் ஒரு யூபிஎஸ். பத்து ஆக்சஸ் பாயிண்ட்களுக்கு 120 வாட், சுவிட்சுக்கு 30 வாட் என்று வைத்தால், இரண்டு மணி நேரத்துக்கு 300 வாட்-மணி போதும். அந்த பேட்டரி தீர்ந்துபோனால் இணையம்தான் நிற்கும்.

அவசர நேரத்தில் தொடர்பு வேண்டும் என்பதற்காகவே கேட்பவர்களும் உண்டு. அவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. தீயணைப்பு வீரர்களின் வானொலி கட்டிடத்துக்குள் எட்டுவதற்காக அமைக்கப்படும் அலைபெருக்கிகள் தங்களுக்கெனத் தனி பேட்டரியோடு வருகின்றன. அவற்றின் நலத்தைப் பேனல் கண்காணிக்கிறது, மின்சாரத்தைத் தருவதில்லை. உயிர்காக்கும் தொடர்புக்கே அப்படிப் பிரித்து வைத்திருக்கும்போது, வைஃபைக்கும் அந்தப் பாதையே பொருந்தும்.

கம்பியில்லாத் தீ உணர்விகள் இருக்கின்றனவே, அவை வைஃபையில்தானே இயங்குகின்றன?

சான்று பெற்ற கம்பியில்லா உணர்விகளை அலுவலக வைஃபையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை தங்களுக்கென வானொலித் தொடர்பும் நீண்ட நாள் உழைக்கும் பேட்டரியும் கொண்டவை. ஐரோப்பாவில் ஈஎன் 54இன் 25ஆம் பாகம் அவற்றுக்கான தரம். தொடர்பு அறுந்தால் அவையும் பழுது என்று அறிவிக்கக் கடமைப்பட்டவை.

எங்கள் கட்டிடத்தில் யாரோ ஏற்கெனவே இப்படி இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். என்ன செய்ய வேண்டும்?

நீங்களே கழற்ற வேண்டாம். கழற்றும்போது கம்பி தொட்டுக்கொண்டால் எச்சரிக்கை ஒலிக்கலாம், தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பும் போகலாம். அதைவிட மோசம், சுற்று அறுந்த நிலையில் விடப்படலாம். பேனலின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறதா, பழுதுப் பதிவில் எர்த் ஃபால்ட், குறுக்குச் சுற்று, பதில் சொல்லாத உணர்வி என்ற வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் பொருத்தப்பட்ட இடத்தைப் படமெடுங்கள். சிவப்புக் கேபிள் அதன் பெட்டிக்குள் நுழைகிறதா என்பது பெரும்பாலும் படத்திலேயே தெரியும்.

பிறகு பராமரிப்பு ஒப்பந்ததாரரை அழைத்து, இணைப்பை அகற்றி, கடைசி ரெசிஸ்டர் தன் இடத்தில் இருப்பதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட சுற்றில் உள்ள ஒவ்வொரு உணர்வியையும் ஹூட்டரையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரிகளையும் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும்; பல மாதங்கள் கூடுதல் சுமையோடு மின்வெட்டுகளைக் கடந்திருந்தால் அவை ஆழமாகத் தீர்ந்து கெட்டிருக்கக்கூடும். அந்த வேலை முடியும்வரை, அமைப்பின் ஒரு பகுதி இயங்கவில்லை என்பதைக் கட்டிடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லி, இரவில் தளங்களைச் சுற்றிப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.